மழையில் தேங்குகிறது, வெயிலில் வாடுகிறது: வடிகாலை எங்கே தொடங்குவது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். நான்கு ஏக்கர், கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலம், கனத்த களிமண். ஒரு பெருமழை பெய்தால் தாழ்ந்த பக்கம் மூன்று நான்கு நாள் தண்ணீர் நிற்கிறது, பயிர் மஞ்சளடிக்கிறது. மழை விட்டுப் பத்து நாள் வெயில் அடித்தால் அதே பயிர்தான் எல்லோருக்கும் முன்னால் வாடுகிறது. ஒரு மூலையில் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. நடுவில் வாய்க்கால் வெட்டுவதா, குழாய் புதைப்பதா, எவ்வளவு ஆழம், எவ்வளவு இடைவெளி? கடைசியாக, தண்ணீரை வடித்துவிட்டால் கோடைக்கு ஈரம் மிஞ்சாமல் போய்விடாதா?

அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். பலரை வடிகால் பக்கமே போகவிடாத பயம் அதுதான்.

துவைத்த துணியைப் பிழியாமல் கொடியில் போட்டால் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் சொட்டும், பிறகு சொட்டுவது நிற்கும். ஆனால் துணி ஈரமாகவே இருக்கும். மண்ணும் அப்படித்தான். பெரிய துளைகளில் உள்ள நீர் தன் எடையாலேயே கீழே இறங்கும். சிறு துளைகளில் உள்ள நீரை மண் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதை எடுக்க வேருக்கும் வெயிலுக்கும்தான் முடியும். வடிகாலால் எடுக்க முடிவது சொட்டும் நீரை மட்டுமே. மண் பிடித்துவைத்திருக்கும் நீரில் ஒரு துளியைக்கூட அது இழுத்துக்கொள்ளாது. ஆகவே வடிகால் வைத்ததால் நிலம் வறண்டது என்று யாராவது சொன்னால், வடிகாலை அளவுக்கு மீறி ஆழமாக வைத்துவிட்டார்களா அல்லது மணல் நிலமா என்று கேட்டுப் பாருங்கள்.

பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீரை மண் எவ்வளவு வைத்திருக்கும்? ஒரு மீட்டர் ஆழத்துக்கு, மணலில் ஏறக்குறைய 60 மில்லிமீட்டர், நடுத்தர மண்ணில் 140, களிமண்ணில் 200. உங்கள் மண் இதில் பணக்கார மண். ஆனால் உங்கள் பயிரின் வேர் 30 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவில்லை என்றால், அதன் கைக்கு எட்டுவது 60 மில்லிமீட்டர்தான். நல்ல வெயிலில் பயிர் நாளுக்கு 5, 6 மில்லிமீட்டர் குடிக்கும். பத்து நாளில் பாத்திரம் காலி. உண்மையில் பாதி குறைந்ததுமே பயிர் திணற ஆரம்பித்துவிடும். அதே வேர் 90 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் 180 மில்லிமீட்டர், அதாவது ஒரு மாதத்துக்கான கையிருப்பு. நீங்கள் சொன்ன ‘பத்து நாள்’ தற்செயலாக வந்த எண் இல்லை.

வேர் ஏன் இறங்கவில்லை? தண்ணீர் நின்றதால். பிராணவாயு காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீரில் பரவும். துளைகள் முழுவதும் நீரால் நிரம்பினால், வெதுவெதுப்பான மண்ணில் ஒன்றிரண்டு நாளிலேயே வேருக்கு மூச்சு முட்டும். நுனிகள் அழுகும். பிறகு மேல்மண்ணிலேயே படர்ந்து பிழைத்துக்கொள்ளும். கூடவே, காற்றில்லாத மண்ணில் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டிலுள்ள பிராணவாயுவைப் பறித்துக்கொண்டு தழைச்சத்தை வாயுவாகப் பறக்கவிடும். நீங்கள் பார்க்கும் மஞ்சள் பெரும்பாலும் அதுதான். தண்ணீர் நிற்கும்போதே யூரியா தூவி அதைச் சரிசெய்யப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வாயுவாகப் போவதற்கு இன்னும் கொஞ்சம் சரக்கு கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். நெல் மட்டும் விதிவிலக்கு. அதன் தண்டிலும் வேரிலும் காற்றுக்குழல்கள் இருப்பதால் இலையிலிருந்து வேருக்குக் காற்றை அனுப்பிக்கொள்ளும். மக்காச்சோளம், பருத்தி, பயறு, காய்கறி எதற்கும் அந்த வசதி போதுமான அளவு இல்லை.

ஆகவே மழையில் தேங்குவதும் வெயிலில் வாடுவதும் உங்கள் நிலத்தில் தனித்தனிச் சிக்கல்கள் என்று நான் நினைக்கவில்லை. முதலாவது வேரைக் குட்டையாக்குகிறது. இரண்டாவது அந்தக் குட்டை வேரின் விளைவு. உப்பும் இதே குடும்பம்தான், அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி வாய்க்கால். வெட்டாதீர்கள், இப்போதைக்கு. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எங்கே வெட்டினாலும் பாதிக்குப் பாதி வீண். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு நிலத்தில் தாழ்ந்த ஓரம் எப்போதும் சதசதவென்று இருக்க, தண்ணீர் தேங்கும் இடத்திலேயே ஆழமாக ஒரு வாய்க்கால் எடுக்கச் சொன்னேன். வாய்க்காலில் தண்ணீர் ஓடியது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் பத்தடி தள்ளி நிலம் அப்படியே ஊறிக்கிடந்தது. மேட்டுப் பக்கத்தில் மணற்பாங்கான ஒரு அடுக்கு வழியாக நீர் பக்கவாட்டில் கசிந்து வந்து, களி தொடங்கும் இடத்தில் மேலே தள்ளப்பட்டுக்கொண்டிருந்தது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே, கசிவு தொடங்கும் கோட்டில் குறுக்காக ஒரு வாய்க்கால் எடுத்தபிறகுதான் அடங்கியது. ஒரு குழி தோண்டிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

ஆகவே குழி. தேங்கும் இடத்தில் ஒன்று, நன்றாக விளையும் இடத்தில் ஒன்று, இரண்டும் ஒரு மீட்டருக்குக் குறையாத ஆழத்தில். மழைக்காலம் முடிந்து மண் பதமாக இருக்கும்போது தோண்டுங்கள். இறங்கி, கத்தியால் பக்கச்சுவரைச் சுரண்டிப் பாருங்கள்.

முதலில் நிறம். பழுப்போ செம்மையோ சீராக இருந்தால் அங்கே காற்று போய்வருகிறது. சாம்பலுக்கு நடுவே துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள் இருந்தால் அங்கே நீர் ஏறி ஏறி இறங்குகிறது. அந்தப் புள்ளிகள் மேலே எங்கே தொடங்குகின்றனவோ, மழைக்காலத்தில் நீர் பொதுவாக அதுவரை வந்து நிற்கும். முழுக்க நீலச்சாம்பலாகவும் அழுகிய முட்டை நாற்றத்தோடும் இருந்தால் நிரந்தரமாக மூழ்கிய மண். அடுத்து வேர். நேராக இறங்கி வந்த வேர் ஓர் ஆழத்தில் சட்டென்று பக்கவாட்டில் திரும்பினால், அங்கே இறுகிய அடுக்கு இருக்கிறது. உழவு ஆழத்துக்குச் சற்றுக் கீழே, 15 முதல் 25 சென்டிமீட்டரில், வருடக்கணக்காகக் கலப்பையும் டிராக்டர் சக்கரமும் அழுத்தியதால் உண்டாவது. மெல்லிய இரும்புக்கம்பியைக் கையால் அழுத்தினாலும் அந்த இடத்தில் தடுக்கும்.

குழியோடு இன்னொன்றும் செய்யுங்கள். செலவு மிகக் குறைவு, பலன் பெரிது. பக்கத்தில் துளையிட்ட பி.வி.சி. குழாய் இரண்டு, ஒன்று 40 சென்டிமீட்டர் ஆழம், மற்றொன்று ஒன்றரை மீட்டர். துளைகள் குழாயின் அடிமுனையில் மட்டும் இருக்க வேண்டும். மேலே சுற்றிலும் களிமண்ணால் அடைத்துவிடுங்கள், மேற்பரப்பு நீர் உள்ளே ஒழுகாதபடி. வாரம் ஒருமுறை, மழை பெய்த மறுநாள் கட்டாயம், ஒரு குச்சியை விட்டு நீர்மட்டத்தைக் குறித்துவையுங்கள். குட்டைக் குழாயில் நீர், நெட்டைக் குழாய் காலி என்றால் நீர் இறுகிய அடுக்கின் மேல் தொங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டிலும் ஒரே மட்டம் என்றால் நிலத்தடி நீரே மேலே வந்திருக்கிறது. நெட்டைக் குழாயில் மட்டம் குட்டையைவிட உயரமாக நின்றால், கீழிருந்து அழுத்தத்தோடு நீர் ஏறுகிறது; மேட்டிலுள்ள கால்வாயோ குளமோ கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

களிமண்ணில் நீர்மட்டம் ஏறும் வேகம் பலருக்கு வியப்பாக இருக்கும். களியில் சொட்டக்கூடிய நீருக்கான இடம் மொத்தக் கனஅளவில் 3, 4 சதவீதம்தான். மண் ஏற்கெனவே நனைந்திருக்கும்போது மேலும் 10 மில்லிமீட்டர் இறங்கினால் நீர்மட்டம் கால் மீட்டர் உயரும். ஒரு சின்ன மழைக்கே வேர்ப்பகுதி மூழ்குவது இதனால்தான். திருப்பிப் பார்த்தால் இது நல்ல செய்தியும்கூட: 10 மில்லிமீட்டரை வடித்தால் கால் மீட்டர் இறங்கும்.

இறுகிய அடுக்குதான் காரணம் என்றால் வடிகால் வெட்டுவதற்கு முன் அதை உடையுங்கள். உளிக்கலப்பை அந்த அடுக்குக்குச் சற்றுக் கீழே போக வேண்டும். மண் அந்த ஆழத்தில் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் ஓட்டினால் அது உடைக்காது, வெண்ணெயில் கத்தி போட்டதுபோல ஒரு கோடு கிழித்து, பக்கங்களை வழவழவென்று மெழுகிவிட்டுப் போகும். உடைத்த அதே வருடம் ஆழவேர்ப் பயிர் ஒன்றை வையுங்கள். வெடிப்புகளை வேர் பிடித்துக்கொண்டால்தான் அவை திரும்ப மூடாமல் இருக்கும். கனமான வண்டிகளை எப்போதும் ஒரே தடத்தில் ஓட்டுவதும் உதவும்.

அடுத்து மேற்பரப்பு. குழாய்க்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் ஏறக்குறைய 4,050 லிட்டர். உங்கள் நான்கு ஏக்கரில் 100 மில்லிமீட்டர் கொட்டினால் 16 லட்சம் லிட்டர். களி நனைந்தபின் மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர்தான் உறிஞ்சும் என்பதால் பெரும்பகுதி மேலேயே நிற்கும். அதை 24 மணி நேரத்தில் வெளியேற்ற நொடிக்கு 18, 19 லிட்டர் போக வேண்டும். புதைகுழாய் வடிகாலை வழக்கமாக வடிவமைப்பது நாளுக்கு 7 முதல் 12 மில்லிமீட்டரை வடிப்பதற்குத்தான். 10 என்று வைத்தால் உங்கள் நிலத்துக்கு நொடிக்கு 2 லிட்டருக்கும் குறைவு. பெருமழையைக் குழாயிடம் ஒப்படைக்க முடியாது. அது மேற்பரப்பு வழியாகத்தான் போயாக வேண்டும். மிச்சம் ஊறியதை இறக்குவதே குழாயின் வேலை.

மேற்பரப்பு வடிகால் என்றாலே வாய்க்கால் என்று நினைக்க வேண்டாம். பாதி வேலை மட்டப்படுத்துவதில் முடிந்துவிடும். கண்ணுக்குச் சமமாகத் தெரியும் நிலத்தில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பள்ளங்கள் ஒளிந்திருக்கும். மழை விட்ட உடனே போய்ப் பார்த்தால் அவை தாமே காட்டிக்கொடுக்கும். அப்போதே குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், காய்ந்தபின் எங்கே என்று தெரியாது. மட்டம் பார்க்க, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய ட்யூப் போதும். நூறு மீட்டருக்கு 10 முதல் 50 சென்டிமீட்டர் வாட்டம் இருந்தால் நீர் தானே நகரும். அதற்கு மேல் போனால் மண்ணையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

களிமண்ணில் நெல் தவிர்த்த பயிர்களுக்கு நான் முதலில் சொல்வது அகலமான மேட்டுப்பாத்தி. இந்தியாவிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட் கரிசல் மண்ணுக்காகப் பரப்பிய முறையில் பாத்தியும் சாலும் சேர்ந்து 150 சென்டிமீட்டர். பயிர் மேட்டில், நீர் சாலில். பாத்தியின் உயரம் 15 சென்டிமீட்டர் என்றாலும்கூட, வேருக்கு அவ்வளவு காற்றுள்ள மண் கூடுதலாகக் கிடைக்கிறது. சால்கள் வாட்டத்தின் திசையில் இருக்க வேண்டும், கடைசியில் ஒரு சேகர வாய்க்காலில் விழ வேண்டும். சாலின் முனையில் வரப்பைப் போட்டு அடைத்துவிட்டு ‘மேட்டுப்பாத்தி பலன் தரவில்லை’ என்பவர்களும் உண்டு.

இவ்வளவும் செய்து, மட்டம் பார்க்க ஊன்றிய குழாயில் நீர் மழை நின்று மூன்று நாளுக்குப் பிறகும் மண்மட்டத்திலிருந்து அரை மீட்டர் ஆழத்துக்குள்ளேயே நின்றால், அப்போதுதான் அடிநில வடிகால்.

இது புதிய சரக்கு ஒன்றும் இல்லை. கிறிஸ்துவுக்கு முன் 2ஆம் நூற்றாண்டிலேயே ரோமானியரான கேட்டோ, ஈரநிலத்தில், மேல்வாயில் மூன்றடி அகலமும் நான்கடி ஆழமும் உள்ள குழி எடுத்து, அடியில் கல்லோ மரக்கொம்புகளோ பரப்பி மூடச் சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் 1830களில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய ஜான் ஜான்ஸ்டன் நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஊருக்கருகே சுட்ட மண் ஓடுகளை நிலத்துக்கு அடியில் வரிசையாகப் புதைத்தபோது, சட்டிபானையைப் புதைக்கிறார் என்று அக்கம்பக்கத்தார் சிரித்தார்களாம். இப்போது ஓட்டுக்குப் பதில் துளையிட்ட நெளி பிளாஸ்டிக் குழாய். தத்துவம் மாறவில்லை.

திறந்த வாய்க்காலா, குழாயா? திறந்தது வெட்ட எளிது, மழைநீரையும் வாங்கும், கோளாறு கண்ணுக்குத் தெரியும். ஆனால் இடத்தைத் தின்னும், வண்டி போக்குவரத்தை அறுக்கும், வருடா வருடம் களை எடுக்க வேண்டும். களியில் பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஓரடி ஆழத்துக்கு ஓரடி சாய்வு, இருந்தால் நிற்கும். மணலில் ஒன்றுக்கு இரண்டோ மூன்றோ வேண்டும், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சரிந்து தூர்ந்துவிடும். உங்கள் நிலத்துக்கு ஓரத்தில் ஒரு ஆழமான திறந்த வாய்க்கால், உள்ளே தேவைப்பட்டால் குழாய்கள் என்ற கலவையே பொருந்தும் என்று தோன்றுகிறது.

இடைவெளிக்கு வருவோம், நீங்கள் நேரடியாகக் கேட்டது அதைத்தான். அதைத் தீர்மானிப்பது மண் நீரைக் கடத்தும் வேகம். 1856இல் பிரெஞ்சுப் பொறியாளர் டார்சி மணல் வழியாக நீர் ஓடும் விதியைக் கண்டார். 1940இல் நெதர்லாந்தின் ஹூக்ஹவுட் அதைக் கொண்டு வடிகால் இடைவெளிக்குச் சூத்திரம் தந்தார். சூத்திரத்தை இங்கே விரிக்கவில்லை, விடையைப் பாருங்கள். நாளுக்கு 7 மில்லிமீட்டர் வடிய வேண்டும், இரண்டு குழாய்களுக்கு நடுவில் நீர்மட்டம் குழாயைவிட அரை மீட்டர் உயரத்தில் நிற்கலாம், குழாய்க்குக் கீழே நீர் ஓடக்கூடிய தடிமன் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மண் நாளுக்கு அரை மீட்டர் கடத்தினால் இடைவெளி 22 மீட்டர். நாளுக்கு 5 சென்டிமீட்டர் மட்டும் கடத்தும் களியானால், மற்றதெல்லாம் மாறாமல் இருந்தாலும் 7 மீட்டர். அதாவது மண் பத்து மடங்கு மந்தமானால் மூன்று மடங்குக்கு மேல் குழாய் வேண்டும். கடத்தும் வேகத்தை அளக்கலாம்: நீர்மட்டத்துக்குக் கீழே இறங்கும் ஒரு துளையிலிருந்து நீரை இறைத்துவிட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஊறி ஏறுகிறது என்று கடிகாரம் வைத்துக் குறிப்பதுதான் முறை. அதை ஓரிடத்தில் மட்டும் செய்து நம்பாதீர்கள். ஒரே வயலில் இரண்டு துளைகள் பல மடங்கு வேறுபடும்.

7 மீட்டருக்கு ஒரு குழாய் என்றால் கட்டுப்படியாகாது என்று படும். நியாயம்தான். அதற்குத்தான் களிமண்காரர்கள் மோல் வடிகால் என்ற உபாயத்தை வைத்திருக்கிறார்கள். துப்பாக்கிக் குண்டு வடிவில் ஓர் இரும்பு உருளையை 50, 60 சென்டிமீட்டர் ஆழத்தில் டிராக்டரால் இழுத்துப்போனால், களிக்குள் எலிவளை மாதிரி ஒரு குகை நிற்கும். அந்த ஆழத்தில் களி பிடிமண் பிடிக்கும் அளவுக்கு ஈரமாகவும், அதற்கு மேலே விரிசல் விடும் அளவுக்குக் காய்ந்தும் இருக்க வேண்டும். இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்று இழுக்கலாம், சில வருடங்களில் தூர்ந்தால் மறுபடி இழுக்கலாம். ஆனால் ஈரத்தில் கரையும் களர் மண்ணில் இது நிற்காது.

குழாய் புதைப்பதில் தவறுகள் நேரும் இடங்கள் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆழம் பொதுவாக ஒரு மீட்டர் அளவில். உப்புச் சிக்கல் உள்ள வறண்ட பகுதிகளில் ஒன்றரை, இரண்டு மீட்டர் வரை. வாட்டம் நூறு மீட்டருக்குக் குறைந்தது 10 சென்டிமீட்டர். எந்த இடத்திலும் குழாய் எதிர்வாட்டமாக ஏறக் கூடாது, ஏறினால் அங்கே வண்டல் படிந்து அடைபடும். 100 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள நெளிகுழாய், நூறு மீட்டருக்கு 20 சென்டிமீட்டர் வாட்டத்தில் நொடிக்குச் சுமார் 2 லிட்டர் கடத்தும். விட்டத்தை இரட்டிப்பாக்கினால் அது ஆறு மடங்குக்கு மேல் கடத்தும், ஆகவே பல குழாய்கள் சேரும் தாய்க்குழாயில் கஞ்சத்தனம் வேண்டாம். நுண்மணலும் வண்டலும் உள்ள மண்ணில் குழாயைச் சுற்றிச் சரளையோ தேங்காய்நாரோ செயற்கை இழை உறையோ வேண்டும். தண்ணீர் தேடும் மரங்களுக்குப் பக்கத்தில் துளையிட்ட குழாய் போகக் கூடாது. அந்தத் தூரத்துக்குத் துளையில்லாத குழாய் போடுங்கள். வெளிவாய், விழும் வாய்க்காலின் வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே ஒரு சாண் இருக்கட்டும், எலி நுழையாமல் கம்பிவலை போடுங்கள். பழுதான வடிகால்கள் என்று என்னைக் கூப்பிட்ட இடங்களில் பெரும்பாலானவற்றில் குழாய் நன்றாகத்தான் இருந்தது, வெளிவாய் மண்ணில் புதைந்திருந்தது.

இப்போது அந்த வெள்ளை மூலை. நிலத்தடி நீர் ஒன்றரை, இரண்டு மீட்டருக்குள் இருந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நுண்துளைகள் வழியாக நீர் மேலே ஏறி ஆவியாகும். உப்பு மட்டும் தங்கும். பாசன நீரும் உப்பைக் கொண்டுவருகிறது. ஈ.சி., அதாவது உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்து திறன், மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸ் என்றால் நல்ல நீர் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். அதில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். ஒரு பருவத்தில் 500 மில்லிமீட்டர் பாய்ச்சினால் ஹெக்டேருக்கு 3 டன்னுக்கு மேல் உப்பு கொட்டியிருக்கிறீர்கள். பயிர் குடிப்பது நீரை. உப்பில் மிகச் சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். மீதி போக ஒரே வழி கீழே. வடிகால் இல்லாத நிலத்தில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. பழங்கால மெசபடோமியாவின் (இன்றைய ஈராக்) தெற்கில் கோதுமை குறைந்து, உப்பைத் தாங்கும் பார்லி பெருகியதற்கு நிலம் உவராகிப்போனதைத்தான் ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகக் காட்டினார்கள்.

உப்பைக் கழுவ, பயிரின் தேவைக்கு மேல் கொஞ்சம் கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். எவ்வளவு என்பது பயிரின் தாங்குதிறனைப் பொறுத்தது: மண்ணின் ஈ.சி. பயறு வகைகளில் அவரை 1இலேயே மகசூல் இழக்கத் தொடங்கும், மக்காச்சோளம் 1.7, நெல் 3, பருத்தி 7.7, பார்லி 8. ஈ.சி. 1 உள்ள நீரில் மக்காச்சோளம் என்றால் கூடுதல் தேவை 13 சதவீதம் அளவில் வரும். மழை நன்றாகப் பெய்யும் இடங்களில் இந்த வேலையை மழையே செய்துவிடும், கீழே வழி இருந்தால்.

அதற்கு முன் ஒரு சோதனை, தவறவிடாதீர்கள். அந்த மூலையிலிருந்து காய்ந்த மண்கட்டி ஒன்றை, சுண்டுவிரல் நுனி அளவு, தெளிந்த மழைநீரில் மெல்லப் போட்டுச் சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். கட்டி உதிர்ந்தாலும் நீர் தெளிவாக இருந்தால் சாதாரண உவர் மண்ணாக இருக்கலாம், கழுவலாம். கட்டியைச் சுற்றிப் பால்போலக் கலங்கினால் களர்: களித்துகள்களில் சோடியம் ஏறியிருக்கிறது. அதை வெறும் நீரால் கழுவினால் இன்னும் மோசமாகும். உப்பு போய், சோடியம் மட்டும் தங்கி, துகள்கள் சிதறித் துளைகளை அடைத்துவிடும். அங்கே முதலில் ஜிப்சம், பிறகுதான் நீர். ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்து சோடியத்தை விலக்கும், விலகியது வடிகால் வழியே போக வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனை பார்த்தே முடிவு செய்யுங்கள், ஊகத்தில் போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: நீங்கள் எவ்வளவு பாய்ச்சுகிறீர்கள்? பல நிலங்களில் வடிகால் சிக்கலில் பாதி மடையில் தொடங்குகிறது. முறை வந்தது, தண்ணீர் கிடைத்தது என்பதற்காகப் பாய்ச்சிய நீர்தான் ஒரு வாரம் கழித்துத் தாழ்ந்த மூலையில் தேங்குகிறது. மேலே சொன்ன கணக்கையே இங்கேயும் போடலாம்: வேர் 30 சென்டிமீட்டர், அதில் பாதி காலியாகியிருந்தால் தேவை 30 மில்லிமீட்டர். அதற்கு மேல் விடும் நீர் வேரைத் தாண்டிப் போய் நிலத்தடி நீரை உயர்த்தும். நெல்லுக்குக்கூடத் தொடர்ந்து நீர் கட்டிவைக்கத் தேவையில்லை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறையில், துளையிட்ட குழாயை வயலில் ஊன்றி, நீர் மண்மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மறுபடி பாய்ச்சுகிறார்கள். பூக்கும் சமயத்தில் நீர் நிற்க வேண்டும்.

வடித்த நீர் எங்கே போகும் என்பதையும் வெட்டும் முன்பே தீர்மானியுங்கள். பக்கத்து நிலத்தில் விட்டால் உங்கள் சிக்கலை அவருக்கு மாற்றிக்கொடுத்தீர்கள், அவ்வளவுதான். பல நாடுகளில் அது சட்டப்படியும் தவறு. நீர் தன்னோடு உரத்தையும் உப்பையும் எடுத்துப்போகும். கலிபோர்னியாவில் கெஸ்டர்சன் நீர்த்தேக்கத்துக்கு வயல்களின் வடிநீரைக் கொண்டுபோய் விட்டதில், அதிலிருந்த செலினியத்தால் 1983இல் பறவைக் குஞ்சுகள் ஊனத்தோடு பிறந்தது தெரியவந்தது. உங்கள் அளவுக்கு, தாழ்ந்த மூலையில் ஒரு குட்டை எடுப்பதே சிறந்தது என்பேன். ஓடிவரும் நீரில் வண்டல் அங்கே படியும், உப்பு குறைவாக இருந்தால் வறட்சியில் ஒன்றிரண்டு பாய்ச்சலுக்கு அதுவே உதவும். வடிகாலின் வெளிவாயில் பலகை செருகும் ஒரு சிறு தடுப்பையும் கட்டிவிடுங்கள். உழவுக்கும் பெருமழைக்கும் பலகையை எடுத்துவிடலாம், பயிர் வேர்விட்டு மழை குறைந்தபின் பலகையைப் போட்டு நீர்மட்டத்தை வேருக்குக் கீழே பிடித்துவைக்கலாம். கோடைக்கு ஈரம் மிஞ்சுமா என்ற உங்கள் பயத்துக்கு இதைவிட நேரடியான விடை இல்லை.

இரண்டு மண்களில் மட்டும் நான் மேலே சொன்ன எதையும் கேட்காதீர்கள். கறுத்து, லேசாக, மட்கிய தாவரமாகவே இருக்கும் கரிமண் ஒன்று. நீர் இறங்கினால் அது காற்றில் எரிந்து கரைந்துபோகும். இங்கிலாந்தின் ஹோம் ஃபென்னில் 1851இல் நிலமட்டத்தோடு ஊன்றிய இரும்புத் தூண் இன்று ஏறக்குறைய 4 மீட்டர் வெளியே நிற்கிறது. தூண் உயரவில்லை, நிலம் தாழ்ந்துவிட்டது. இன்னொன்று, கடலோரத் தாழ்நிலங்களில் கந்தகம் செறிந்த சேறு. வடித்து அதில் காற்றுப் பட்டால் கந்தக அமிலம் உண்டாகி, கார அமிலநிலை (pH) 4க்கும் கீழே போய்விடும். குழியில் வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் கண்டால் குழியை மூடிவிட்டு, மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

உங்கள் நிலம் அப்படி இல்லை என்றே நினைக்கிறேன். இந்த மழைக்காலத்தில் குட்டைக் குழாயும் நெட்டைக் குழாயும் காட்டும் மட்டங்களைத் தேதியோடு குறித்துவையுங்கள், பள்ளங்களில் குச்சி நடுங்கள், மழை விட்டதும் குழிகளைத் தோண்டுங்கள். அதுவரை குழாய் வாங்க வேண்டாம். குறிப்புகளோடு வந்தால், உடைக்க வேண்டியது இறுகிய அடுக்கா, மறிக்க வேண்டியது மேட்டுக் கசிவா, புதைக்க வேண்டியது எத்தனை மீட்டருக்கு ஒரு குழாய் என்று உட்கார்ந்து கணக்குப் போடலாம்.